அருகில் வாழ்பவர் ஏற்பதும் எதிர்ப்பதும்: கேள்வி பதில்

மும்பைத் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மின் பரிமாற்றத் துறையில் திட்டப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (செம்பூர் வாசகர்): மின் நிலையமோ எண்ணெய் ஆலையோ, பக்கத்தில் குடியிருப்பவர்தாம் அதிகம் எதிர்ப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை கிடைக்காது. உங்கள் பக்கத்து டிராம்பேயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956இல் இயங்கத் தொடங்கியது அங்கேதான்; ஆனாலும் அணுசக்தி நகரில் பாபா அணு ஆராய்ச்சி மைய ஊழியர்கள் குடும்பத்தோடு நிம்மதியாக வசிக்கிறார்கள். சம்பளமும் வீடும் அந்த மையத்தின் வழியாக வருகின்றன என்பது ஒரு காரணம். உலையைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் விவரம் தெரிந்தவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார் என்பது இன்னொரு காரணம், என் கணிப்பில் அதுவே பெரிய காரணம்.

அதே மையத்துக்காக 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டுச் சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் நம்மவர்கள் கணிசம். அந்தத் தலைமுறையினரிடம் பேச்சுக் கொடுத்தால் கதிர்வீச்சு பின்னால்தான் வரும். இடிபட்ட வீடு முன்னால் வரும்.

மூன்றாவது இடம், எண்ணெய் ஆலைகள் சூழ்ந்த மாகுல். அங்கே காற்று மாசினால் மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் இருப்பதாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரிலேயே கூறிவிட்டது. அதற்குப் பிறகும், தான்சா குடிநீர்க் குழாயோரம் வீடிழந்த குடும்பங்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய அடுக்குமாடிகளில் கொண்டுபோய் அமர்த்தினார்கள். அவர்கள் தொடர்ந்து போராடிய பிறகு, 2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், வேறு வீடு தர இயலாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை தருமாறு உத்தரவிட்டது. நிலப்படத்தில் இந்த மூன்று இடங்களும் நெருங்கியே இருக்கின்றன. தாமாக வந்து குடியேறியவரா, கொண்டுவந்து விடப்பட்டவரா, ஆலையால் அவருக்குப் பிழைப்பு உண்டா என்பவைதாம் மனநிலையை வேறாக்குகின்றன.

கேள்வி (சீத்தா கேம்ப் வாசகி): எங்களுக்கு ஆலை வாடை பழகிவிட்டது, யாரும் புகார் சொல்வதுமில்லை. அப்படியானால் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை அம்மா. பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்துவதும், துவைத்த துணியை வெளியில் போடாமல் வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்துவதும் புகாராக எந்தக் கணக்கெடுப்பிலும் பதிவாவதில்லை. ஆனால் அவை புகார்தாம். போக்கிடம் இல்லாதவர் வாய் திறக்காததை ஒப்புதல் என்று எழுதிக்கொள்வது அதிகாரிகளுக்கு வசதியாக இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 8 அன்று மாகுலில் உள்ள பாரத் பெட்ரோலியம் ஆலையில் வெடிப்பு நிகழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றபோது, பழகிப்போனதாகச் சொல்லப்பட்ட அச்சம் ஒரே பிற்பகலில் வெளியே வந்துவிட்டதைப் பார்த்தோம். 2020இல் பசுமைத் தீர்ப்பாயம் மாகுல் பகுதியின் நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 286 கோடி ரூபாய் அளவுக்கு இழப்பீடு விதித்ததும், குடியிருந்தவர்கள் விடாமல் வழக்கை நடத்தியதால்தான்.

கேள்வி (தாராவி வாசகர்): மின்சாரம் மட்டும் வேண்டும், நிலையம் நம் ஊரில் வேண்டாம் என்பது சுயநலமில்லையா? கூடங்குளத்தில் எங்கள் உறவினர்களும் எதிர்த்தார்கள்.

பதில்: நன்மை யாருக்கு, இடர் யாருக்கு என்று பிரித்துப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோம். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் தலா 1,000 மெகாவாட். அந்த மின்சாரம் பொது மின் தொகுப்புக்குள் போய் எங்கெங்கோ விளக்கெரிகிறது. இடிந்தகரை மீனவருக்கோ அந்தக் கடல்தான் வயிறு. 2011 மார்ச்சில் புகுஷிமா விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் கேள்வி கேட்டது இயல்பு. 2013 மே மாதம் உலைக்கு அனுமதி அளித்த உச்ச நீதிமன்றமும் பதினைந்து நிபந்தனைகளை விதித்துத்தான் அனுமதித்தது. டென்மார்க்கில் 2009 முதல் சில ஆண்டுகள், புதிய காற்றாலைத் திட்டங்களில் குறைந்தது 20 விழுக்காட்டுப் பங்குகளை உள்ளூர்வாசிகளுக்கு விற்க முன்வர வேண்டும் என்று சட்டமே இருந்தது. பங்கு வந்தால் எதிர்ப்பு ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேச்சின் தொனி மாறும்.

கேள்வி (முலுண்டு வாசகி): எங்கள் குடியிருப்பின் அருகே உயர் அழுத்த மின்கம்பி செல்கிறது. குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருமா?

பதில்: மின்கம்பிகளின் காந்தப் புலத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் 2பி பிரிவில், அதாவது “ஒருவேளை காரணமாகலாம்” என்ற பட்டியலில் வைத்தது, சான்று வலுவானதன்று. புலம் தூரத்தோடு விரைவாகக் குறைந்துவிடும். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகல இடம் விடுவது வழக்கம். அந்த அகலத்துக்கு உள்ளே யாராவது மாடி எழுப்புகிறார்களா என்று பாருங்கள், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

கேள்வி (கல்யாண் வாசகர்): திருநெல்வேலிப் பக்கம் எங்கள் நிலத்தில் மின்கோபுரம் நிறுத்த வருகிறார்கள். மறுக்க முடியுமா?

பதில்: 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரம், அதாவது நில உரிமையாளர் இசையாவிட்டாலும் கம்பி கொண்டுசெல்லும் அதிகாரம், பெற்ற நிறுவனம் என்றால் முழுதாகத் தடுப்பது கடினம், இழப்பீட்டில்தான் நிற்க வேண்டும். 2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுர அடிமனைக்கு நில மதிப்பின் 200 விழுக்காடும், கம்பி செல்லும் பாதைக்கு 30 விழுக்காடும் பரிந்துரைக்கிறது. மாநிலம் அதை ஏற்று ஆணை பிறப்பித்திருக்கிறதா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, அதற்குப் பிறகே கையெழுத்திடுங்கள்.