போஸ்டரில் என் படம், உற்பத்திக்கூடத்தில் எனக்கு இடமில்லை

கேள்வி: நான் இயந்திரவியல் பொறியாளர். 2025 ஜனவரியில் வளாகத் தேர்வு மூலம் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்த மூவரும் ஆண்கள். அவர்களைக் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரப் பிரிவிலும் அசெம்பிளி லைனிலும் போட்டார்கள். என்னைத் தர ஆவணப் பிரிவில் உட்காரவைத்தார்கள். மேலாளரிடம் கேட்டதற்கு, “அங்கே நைட் ஷிஃப்ட் வரும், உனக்கு எதற்கம்மா அந்தத் தலைவலி” என்றார். ஓராண்டு முடிந்ததும் மூவரும் உதவிப் பொறியாளர்களாக உறுதி செய்யப்பட்டு மாதம் 31,000 ரூபாய் வாங்குகிறார்கள். எனக்கு மட்டும், “உற்பத்தி அனுபவம் போதாது” என்று பயிற்சியை 6 மாதம் நீட்டிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். சம்பளம் அதே 22,000. இரண்டாண்டு பாண்ட் இருக்கிறது, இடையில் விலகினால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். அசல் பட்டச் சான்றிதழும் அவர்களிடம்தான். இதற்கு நடுவே மகளிர் தினத்துக்கு என் படத்தைப் போட்டு, ‘பன்முகத்தன்மையே எங்கள் பலம்’ என்று போஸ்டர் அடித்திருக்கிறார்கள். அந்தப் போஸ்டரை வைத்தே வழக்குப் போட முடியாதா?

பதில்: முடியாது. உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் போஸ்டரை முதலில் ஓரமாக வையுங்கள். தனியார் நிறுவனம் இத்தனை பெண் பொறியாளர்களை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பன்முகத்தன்மை பற்றி அவர்கள் அச்சடித்துக்கொள்வது விளம்பரம். உங்கள் நியமனக் கடிதத்தில் இல்லாதவரை அது உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி ஆகாது. அரசியலமைப்பின் 14, 15, 16ஆம் பிரிவுகளைச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் தள்ளிவிடுங்கள். அவை அடிப்படையில் அரசைக் கட்டுப்படுத்துபவை. சாதாரணத் தனியார் ஆலைமீது ரிட் நிற்பது அரிது.

உங்கள் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. உங்களை அந்த ஆவண மேசையில் உட்காரவைத்தது யார், என்ன காரணம் சொல்லி?

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் தொழிற்பழகுநர் சட்டம், 1961இன் கீழ் பதிவு செய்யப்பட்டதா? பதிவாகியிருந்தால் நீங்கள் சட்டப்படி ‘பழகுநர்’. ஊதியச் சட்டத் தொகுப்பு ‘பணியாளர்’ என்று சொல்வதற்குள் வர மாட்டீர்கள், கீழே நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. பல நிறுவனங்கள் ‘டிரெய்னி’ என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு எதையும் பதிவு செய்வதில்லை. பி.எஃப். பிடித்து, சம்பளச் சீட்டுக் கொடுத்து, மற்றவர்களைப் போலவே வேலை வாங்குகிறார்கள். அப்படியானால் பெயர்ப்பலகையைச் சட்டம் பெரிதாக மதிக்காது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. அப்படி வைத்துக்கொண்டே தொடர்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல், சம ஊதியச் சட்டம் 1976இன் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 வந்துவிட்டது. அதன் 3ஆம் பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினம் பார்த்து ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆளெடுப்பதிலும் பணி நிபந்தனைகளிலும் கூடாது என்கிறது. நிறுவனத்தின் வக்கீல் முதல் நாளே என்ன சொல்வார் தெரியுமா? “அவர் செய்வது ஆவண வேலை, அவர்கள் செய்வது உற்பத்தி வேலை. வேறு வேலைக்கு வேறு சம்பளம்.” கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். பல பெண்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1987லேயே பதில் சொல்லியிருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கும் ஆட்ரி டி’கோஸ்டாவுக்கும் நடந்த வழக்கு அது. மூத்த அதிகாரிகளிடம் வேலை பார்த்த பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். அவர்களுடையது தனி வகை வேலை என்றது நிறுவனம். அந்த வேலையில் பெண்கள் மட்டும் இருப்பதற்குக் காரணம் நிர்வாகம் அவர்களை அங்கே வைக்க விரும்பியதுதான், ஆண்கள் செய்த வேலையைச் செய்யப் பெண்களுக்குத் தகுதிக் குறைவு எதுவும் இல்லை என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. கொடுக்கப் பணமில்லை என்ற சாக்கும் எடுபடவில்லை. உங்கள் வழக்கின் முதுகெலும்பு இந்தத் தீர்ப்புதான்.

அடுத்து அந்த ‘நைட் ஷிஃப்ட் தலைவலி’. மேலாளர் அக்கறையாகப் பேசியதாகவே நினைத்திருப்பார். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டத்தின் 66(1)(பி) பிரிவை, வசந்தா வழக்கில் 2000 டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. போக்குவரத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துகொடுத்து வேலை கொடு என்றது. இப்போது பணியிடப் பாதுகாப்பு பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 43ஆம் பிரிவு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலையிலும் சேரப் பெண்களுக்கு உரிமை உண்டு என்கிறது. இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் வேலை என்றால் பெண்ணின் சம்மதம் வேண்டும். சம்மதம் சொல்லவும் மறுக்கவும் வேண்டியவர் நீங்கள். உங்களிடம் கேட்காமலேயே உங்களுக்காக மறுத்துவிட அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வக்கீல்கள் விரும்பிப் பிடித்துக்கொள்ளும் ஒரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. பழைய சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், 1987 திருத்தத்துக்குப் பிறகு, ‘பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம்’ என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடை செய்திருந்தார்கள். புதிய தொகுப்பில் ‘பணி நிபந்தனைகள்’ என்ற பொதுச் சொல்தான் மிஞ்சியிருக்கிறது. ‘பயிற்சி’ என்ற சொல்லை ஏன் விட்டார்கள் என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் உங்களை ஆவணப் பிரிவுக்கு அனுப்பியது 2025 ஜனவரியில், பழைய சட்டம் உயிரோடு இருந்தபோது. சட்டம் ரத்தானாலும் அப்போது பிறந்த உரிமை தானாகச் செத்துவிடாது. ஆகவே மனுவில் இரண்டு சட்டங்களையும் சொல்ல வேண்டும். இதை உங்கள் வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

மேலாளர் சொன்னது வாய்வார்த்தை. நாளைக்கு ‘அப்படிச் சொல்லவே இல்லை’ என்பார். அதனால் இந்த வாரமே மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றச்சாட்டு, சட்டப்பிரிவு, ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம். இவ்வளவு போதும்: “பயிற்சி தொடங்கியபோது உற்பத்திப் பிரிவில் சேர்க்கும்படி கேட்டேன். இரவு ஷிஃப்டைக் காரணம் காட்டி, மேலாளர் என்னை ஆவணப் பிரிவுக்கு அனுப்பினார். என்னுடன் சேர்ந்த மற்ற மூவருக்கும் உற்பத்திப் பயிற்சி தரப்பட்டது. அந்த அனுபவம் இல்லை என்பதே என் பணி உறுதி மறுக்கப்படக் காரணம் எனக் கடிதம் கூறுகிறது. இரவு ஷிஃப்ட் உட்பட உற்பத்திப் பிரிவில் பணியாற்ற எனக்குச் சம்மதம். என்னை எந்தத் தேதியில் அங்கே மாற்றுவீர்கள் எனத் தெரிவிக்கவும்.” பதில் வந்தால் அதுவே சாட்சியம். வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்கே உதவும். ஆனால் இரவு ஷிஃப்டுக்கு உண்மையிலேயே தயாராக இருந்தால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள்.

சாட்சியம் சேர்க்கிறேன் என்று நிறுவனத்தின் வரைபடங்களையோ மற்றவர்களின் சம்பளப் பட்டியலையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதைச் சொல்லியே வெளியே அனுப்பிவிடுவார்கள், பாகுபாடு பின்னுக்குப் போய்விடும். மூவரின் சம்பளக் கணக்கை நிறுவனத்தின் ஊதியப் பதிவேட்டிலிருந்தே வரவழைக்கலாம். குறைவாகக் கொடுத்ததாகக் கோரிக்கை வந்தால், உரியதைக் கொடுத்துவிட்டதாக மெய்ப்பிக்கும் பாரம் ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவின்படி முதலாளிமீதுதான். வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியம் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

சம்பள வித்தியாசத்துக்கான மனுவை அதே தொகுப்பின் 45ஆம் பிரிவின்கீழ் உள்ள அதிகாரியிடம் மூன்றாண்டுக்குள் போடலாம். நிலுவையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவ்வளவும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பேச்சுவார்த்தை மேசையில் அந்த எண்ணுக்கு ஒரு கனம் உண்டு. பயிற்சி நீட்டிப்பைத் தொழில் தகராறாகத் தனியாளாக எழுப்புவது கடினம். பணிநீக்கம் என்றால் தனியொருவர் போகலாம். பணி உறுதி, பதவி உயர்வு போன்றவற்றுக்குத் தொழிற்சங்கமோ சக ஊழியர்களோ துணைக்கு வர வேண்டும். நியமனக் கடிதத்தில் ‘பயிற்சி அதிகபட்சம் இத்தனை மாதம்’ என்று வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வரம்பைத் தாண்டி நீட்டியிருந்தால் உங்கள் கை ஓங்கும்.

உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகச் சொல்லி யாராவது தூண்டலாம். அந்தக் குழுவை அமைக்கச் சொல்லும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும், ஆனால் அது பாலியல் துன்புறுத்தலுக்கானது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. தவறான கதவைத் தட்டினால் ‘விசாரித்தோம், ஆதாரமில்லை’ என்ற காகிதம் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும்.

இனி பாண்ட். பாண்ட் என்றாலே செல்லாது என்று பலர் சொல்வதை நம்பாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி கிடைப்பது நியாயமான இழப்பீடுதான், எழுதிவைத்த தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. உங்கள் வழக்கில் வேடிக்கை என்னவென்றால், பயிற்சிக்குச் செலவழித்தோம் என்று பாண்டில் எழுதியவர்களே, உற்பத்தி அனுபவம் இல்லை என்று நீட்டிப்புக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். கொடுக்காத பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் எதற்கு என்று ஒரு நீதிபதி கேட்டால் அவர்கள் திணறுவார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். மேலும், எந்த நீதிமன்றமும் உங்களை அங்கேயே வேலை பார் என்று கட்டாயப்படுத்தாது; பேச்சு பணத்தைப் பற்றி மட்டும்தான்.

சான்றிதழ் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். நிலுவைக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் பொது உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கிகள் போன்ற சிலருக்குத்தான் தருகிறது. அந்தப் பட்டியலில் முதலாளி இல்லை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, 15 நாளில் திருப்பித் தரும்படி கேளுங்கள்.

ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள். சான்றிதழ் கைக்கு வரட்டும், மின்னஞ்சலுக்குப் பதில் வரட்டும். வக்கீல் கட்டணம் கவலையாக இருந்தால், சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணையத்துக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது நியமனக் கடிதம், பாண்ட் நகல், நீட்டிப்புக் கடிதம், எல்லா மாதச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போஸ்டரையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்களைப் ‘பொறியாளர்’ என்று நிறுவனமே அழைத்திருக்கிறது, ‘அவர் வெறும் பயிற்சியாளர்’ என்று பிறகு வாதாடினால் அதற்குப் பயன்படும்.