தண்ணீருக்குள் வாழும் அந்துப்பூச்சி இருக்கிறதா?

இருக்கிறது. அசென்ட்ரியா எஃபெமெரெல்லா என்ற சின்ன வெள்ளை அந்துப்பூச்சி ஐரோப்பாவின் குளங்கள், ஏரிகளைச் சேர்ந்தது. பின்னாளில் வட அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதன் புழுவுக்குச் செவுள் கிடையாது. தோல் வழியாகவே நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நீர்ச்செடிகளைத் தின்று வளரும். கூட்டுப்புழுப் பருவம் இன்னும் சுவாரசியம்: நீருக்கடியில் செடியின் தண்டை ஒட்டியே கூடு கட்டுகிறது. தண்டுக்குள் இருக்கும் காற்றறைகளிலிருந்து கூட்டுக்குள் காற்று வருகிறது.

அப்புறம் பெண்பூச்சி. பெரும்பாலானவற்றுக்குப் பறக்கும் அளவுக்கு இறக்கையே கிடையாது. மயிர் அடர்ந்த கால்களால் நீந்தும். இணைசேர மட்டும் நீர்மட்டத்துக்கு வரும், பிறகு கீழே போய் செடிகளில் முட்டையிடும். சில பெண்களுக்கு முழு இறக்கை உண்டு, அவை வேறு நீர்நிலைகளுக்குப் பறந்து போகலாம். ஆண்கள் எல்லாம் பறப்பவை, ஆனால் ஆயுள் ஓரிரு நாள்தான்.

வெறும் விசித்திரப் பூச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க் மாநிலத்தின் கயுகா ஏரியில் மண்டியிருந்த யூரேசிய வாட்டர்மில்ஃபாயில் என்ற அயல் களை 1990களில் வெகுவாகக் குறைந்தது. அதன் நுனித் தளிர்களைத் தின்ற இந்தப் புழுக்களே முக்கியக் காரணம் என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் கருதினார்கள்.