வாசகர் கேள்வி – பதில்: நாற்பது ஷில்லிங் பலகை

பழைய பிரிட்டிஷ் ரயில்வேயின் சில்லறைக் குற்றங்கள், அவற்றுக்கான தண்டனைகள் பற்றிச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஈப்போவில் பழைய சாமான் கடையில் ஓர் இரும்புப் பலகை பார்த்தேன். தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் 40 ஷில்லிங் அபராதம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அது அந்தக் காலத்தில் பெரிய தொகையா? பலகையை வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பெரிய தொகைதான், ஐயா. 12 பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அப்படியானால் 40 ஷில்லிங் என்பது 480 பென்னி. 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் தினம் ஒரு ரயிலிலாவது மூன்றாம் வகுப்புக்காரரை மைலுக்கு 1 பென்னிக்குள் ஏற்றிச் செல்ல வேண்டும். அந்தக் கணக்கில் 480 பென்னிக்கு 480 மைல் போகலாம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மூன்று முறை போகிற தூரத்தைவிட அது அதிகம். வாரம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் வாங்கிய வயல்கூலிக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

40 ஷில்லிங் என்பது உச்சவரம்பு. மாஜிஸ்திரேட் குறைக்கலாம். ஆனால் அபராதம் கட்ட வழியில்லாவிட்டால் சிறைதான். 1879 சட்டத்தில் அதற்கு ஓர் அளவு இருந்தது: 10 ஷில்லிங் வரை 7 நாள், 1 பவுண்டு வரை 14 நாள், 5 பவுண்டு வரை ஒரு மாதம். பணம் உள்ளவன் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான், இல்லாதவன் உள்ளே போனான். இந்த அபராத முறையின் கொடுமையே இதுதான்.

பலகை வைத்ததற்கும் காரணம் உண்டு. 1868 சட்டம், எச்சரித்த பிறகும் பாதையில் நடப்பவனுக்குத்தான் அபராதம் என்றது. எச்சரித்தோம் என்று காட்டக் கம்பெனிக்கு ஒரு சாட்சி தேவை. மழையிலும் பனியிலும் எழுத்து அழியாமலிருக்க அதை வார்ப்பிரும்பில் வார்த்தார்கள். வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அது அலுமினியத்தில் செய்த நகல். விட்டுவிடுங்கள்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் உடனே சிறையா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

இல்லை, அம்மா. 1889 ரயில்வே ஒழுங்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மூன்று வழி தந்தது: டிக்கெட்டைக் காட்டலாம், ஏறிய இடத்திலிருந்து கட்டணத்தைக் கட்டலாம், அல்லது பெயரும் முகவரியும் தரலாம். மூன்றும் மறுத்தால்தான் பிடித்து வைக்க அதிகாரம். ஏமாற்றும் எண்ணம் நிரூபணமானால் முதல் முறைக்கு 40 ஷில்லிங் வரை, மறுமுறைக்கு 20 பவுண்டு வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. பொய் முகவரி தந்தாலும் இதே தண்டனை.

சிக்கல் அந்த ‘எண்ணம்’ என்ற சொல்லில் இருந்தது. அடுத்த ஸ்டேஷன் வரை டிக்கெட் எடுத்து, நாலு ஸ்டேஷன் தள்ளி இறங்குபவன், “தூங்கிவிட்டேன்” என்பான். அதை உடைப்பது கஷ்டம். ஆகவே பெரிய ஊர்களுக்குச் சற்று வெளியே, பயணிகளிடமிருந்து டிக்கெட்டைத் திரும்ப வாங்குவதற்கென்றே தனி நடைமேடை கட்டினார்கள். அங்கே ரயிலை நிறுத்தி, பெட்டி பெட்டியாக எல்லா டிக்கெட்டையும் வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே விடுவார்கள். பயணி கூட்டத்தில் கலந்து நழுவ வழியிருக்காது.

தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆள்வருகைப் பதிவேடு இருந்தும், வராதவர் பேரைச் சேர்ப்பது நடந்தது. இங்கிலாந்தில் டிக்கெட் விற்ற கிளார்க் பணத்தை எடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?
– முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி

நல்ல கேள்வி. அட்டை டிக்கெட் பிறந்த கதையே இதுதான். ஆரம்பத்தில் கிளார்க் ஒவ்வொரு டிக்கெட்டையும் கையால் காகிதத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். வேலையும் மெதுவு, எத்தனை எழுதினார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மேசை நாற்காலி செய்யும் தச்சராக இருந்த தாமஸ் எட்மண்ட்சன், 1836இல் நியூகாசில்–கார்லைல் பாதையில் மில்டன் என்ற சின்ன ஸ்டேஷனுக்குப் பொறுப்பாளரானார். அங்கேதான் அவருக்கு இந்த யோசனை வந்தது.

அவர் செய்தது இது. இரண்டேகால் அங்குல நீளம், ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம் உள்ள கெட்டி அட்டை. நம் ரயில்களிலும் புழங்கியது அதே அளவு அட்டைதான். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அடுக்கு. 0000 முதல் 9999 வரை வரிசை எண் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். சின்ன எண் முதலில் கைக்கு வரும்படி மரத்தட்டில் அடுக்கியிருப்பார்கள். விற்கும்போது தேதிப்பொறியில் ‘டக்’ என்று ஒரு தள்ளு, அட்டையில் தேதி பதிந்துவிடும். ரயில் போனதும் ஒவ்வோர் அடுக்கிலும் அடுத்து நிற்கும் எண்ணைப் பேரேட்டில் எழுத வேண்டும். காலையில் 0412, மாலையில் 0437 என்றால் 25 டிக்கெட் விற்றிருக்கிறது. அதைக் கட்டணத்தால் பெருக்கினால் வரும் தொகை பெட்டியில் இருந்தே ஆக வேண்டும்.

அப்படியும் ஓட்டை விழுந்தது. இறங்கும் ஊரில் பயணிகளிடமிருந்து வாங்கிய பழைய டிக்கெட்டை அங்குள்ளவரோடு கூட்டுச் சேர்ந்து திரும்ப விற்கலாம். அதனால்தான் பரிசோதகர் இடுக்கியால் துளை போட்டார். வாங்கிய டிக்கெட்டுகளைக் கட்டிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே எண் வரிசையில் அடுக்கிப் பார்ப்பார்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால் மாட்டிக்கொண்டார். பெரியவருக்கு விற்றுவிட்டுப் பிள்ளை டிக்கெட் என்று பாதிக் கணக்கு எழுத முடியாதா? அதற்கும் ஒரு தடை உண்டு. பிள்ளை டிக்கெட் விற்றால் அட்டையின் ஓரத்தைச் சாய்வாக வெட்டி, அந்தத் துண்டைக் கிளார்க் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். துண்டு இல்லையென்றால் முழுக் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டியதுதான்.

செக்ரோலில் பேர் எழுதுபவரே பேரை எண்ணவும் செய்தார். எட்மண்ட்சன் முறையில் விற்பவர் ஒருவர், எண்ணைச் சரிபார்ப்பவர் எங்கோ வேறு ஊரில் இருக்கும் வேறொருவர். எங்கள் பார்வையில், ஏமாற்றைத் தடுத்ததில் 40 ஷில்லிங் பயத்தைவிட இந்த அட்டைக்குத்தான் பங்கு அதிகம்.

தோட்டத்தில் நடந்த ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்) திருட்டு மாதிரி, ரயில் சரக்கிலும் தொழிலாளர் கை வைத்தார்களா?
– அதே வாசகர்

வைத்தார்கள். பேர்போனது பீப்பாய்த் திருட்டு. பீப்பாயைச் சுற்றிய இரும்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டி ஒரு பக்கம் நகர்த்துவார்கள். வளையம் இருந்த இடத்தில் துளைக்கருவியால் சின்ன ஓட்டை போட்டுச் சாராயத்தை இறக்குவார்கள். மர ஆணியால் ஓட்டையை அடைத்து, வெளியே நீட்டுவதைச் சீவிவிட்டு, வளையத்தைப் பழைய இடத்துக்கே தட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறுத்துப் பார்த்தால்தான் குறை தெரியும். அதற்குள் சரக்கு பல கை மாறியிருக்கும், யார்மேல் பழி போடுவது?

முதலாளி பொருளைத் தொழிலாளி திருடினால் 1861 திருட்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை தண்டனை இருந்தது. நடைமுறையில் சின்னத் திருட்டுகள் மாஜிஸ்திரேட் முன்னாலேயே முடிந்தன. 1855 சட்டப்படி 5 ஷில்லிங்குக்கு உட்பட்ட திருட்டுக்கு, குற்றவாளி அந்த விசாரணைக்குச் சம்மதித்தால், மூன்று மாதம் வரை சிறை. அதோடு வேலை போகும், கம்பெனி வீட்டில் இருந்தால் வீடும் போகும். தோட்டத்து லய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அதன் வலியை விளக்கத் தேவையில்லை.

அபாயச் சங்கிலியை விளையாட்டுக்கு இழுத்தவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– படிவம் 4 மாணவர்

தம்பி, 1868 சட்டம் 20 மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் ரயில்களில் பயணி தகவல் சொல்ல ஒரு வழி வேண்டும் என்றது. காரணமில்லாமல் பயன்படுத்தினால் 5 பவுண்டு வரை அபராதம். முதலில் பெட்டிக்கு வெளியே, கூரையோரமாக ஒரு கயிறு ஓடியது. ஜன்னல் வழியே கை நீட்டி இழுக்க வேண்டும். நீளமான கயிறு தொய்ந்து கிடந்ததால் எவ்வளவு இழுத்தாலும் மணி அடிக்காமல் போனது உண்டு. 1873இல் அதற்கான அரசு அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டார்கள். பிற்பாடு சங்கிலி உள்ளே வந்து பிரேக்கோடு இணைந்தது. இழுத்தால் பெட்டியின் முனையில் ஒரு தகடு திரும்பி நிற்கும், ரயிலின் கார்டு நேரே அந்தப் பெட்டிக்கே வருவார். உள்ளே சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து அதைப் பழையபடி ஏற்ற முடியாது.

ரயிலில் பிக்பாக்கெட் பிடிக்கப் போலீஸ் என்ன செய்தது?
– கடைத்தெரு வாசகர்

1844இல் ஈட்டன் பள்ளித் திருவிழாவுக்குக் கூட்டம் போனபோது, லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனில் துப்பறிவாளர்கள் நின்றார்கள். தெரிந்த திருடன் ஏறினால், எத்தனையாவது பெட்டி, எந்த அறை, என்ன உடை என்று, ஈட்டனுக்குப் போகிறவர்கள் இறங்கும் ஸ்லவ் ஸ்டேஷனுக்குத் தந்தி போகும். ஃபிட்லர் டிக் என்ற பிக்பாக்கெட் இறங்குவதற்கு முன்பே அவன் கறுப்புக் கால்சட்டையும் வெளிர்நிறச் சட்டையும் ஸ்லவ் போலீசுக்குத் தெரிந்திருந்தது. பெட்டிக் கதவைத் திறந்து பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். மற்றத் திருடர்கள் திருவிழாப் பக்கம் போகாமல் ஸ்டேஷனைச் சுற்றி நின்று தந்தியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஸ்லவிலிருந்து பதில் தந்தி வந்தது.