காப்பிப் படத்தில் தோணி எங்கே?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் 'காப்பி வந்த பாதை' என்று பன்னிரண்டு படங்கள் வரைந்திருக்கிறோம். எத்தியோப்பிய ஆட்டிடையனில் தொடங்கி, டவரா டம்ளரில் முடிகிறது. ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?
– ஓர் ஆசிரியை, தேவிபட்டினம்

பதில்: விட்டுப்போனது உங்கள் ஊர்தான், டீச்சர்.

முதலில் அந்த ஆடு. பழத்தைத் தின்று ஆடு துள்ளியது, இடையன் கண்டுபிடித்தான் என்கிற கதை 1671-இல் ரோமில் அச்சான ஒரு நூலில்தான் தலைகாட்டுகிறது. அதற்கு இருநூறு வருஷம் முன்பே ஏமனில் சூஃபிகள் இரவுத் தொழுகையில் தூக்கம் வராமலிருக்கக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வரையுங்கள். கையில் பிடியில்லாத சின்னக் கிண்ணம் போதும், பால் வேண்டாம். பாபா புதன் என்கிற சூஃபி ஞானி ஏழு காப்பிக் கொட்டையோடு சிக்கமகளூர் வந்ததும் செவிவழிக் கதைதான். படத்தின் கீழ் 'என்பார்கள்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

1511-இல் மெக்காவில் காப்பிக்குத் தடை. 1675-இல் லண்டன் காப்பிக் கடைகளை மூடச் சொன்னார் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே வாபஸ். இரண்டு இடத்திலும் ஆள்பவர்களை உறுத்தியது அங்கே கூடிய கூட்டமும் பேச்சும். 'இங்கே அரசியல் பேசாதீர்கள்' என்று நம் டீக்கடையில் தொங்குகிறதே பலகை, அதே பயம். பிள்ளைகள் விரும்பி வரைவார்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். 1830-களில் இலங்கையின் கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் காடழித்துப் போட்டது தேயிலை அல்ல, காப்பி. பழம் பறிக்க ஆள் போனது இராமநாதபுரம் போன்ற சீமைகளிலிருந்து. ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, இந்தக் கடற்கரையில் தோணியேறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். காப்பிக் காலத்தில் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். அதனால் கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து கிள்ளும் பெண்ணை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிடாதீர்கள், அது பிந்திய படம். 1869-இல் இலையில் துரு நோய் கண்டு, இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்தது, பிறகுதான் தேயிலை. அப்புறம்தான் குடும்பம் குடும்பமாக லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள்.

இதை வரைய எத்தியோப்பியா வரை போக வேண்டாம். தோணி எப்படியிருக்கும், பாய் எப்படிக் கட்டுவார்கள் என்று சொல்லக் கடற்கரையில் பெரியவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

டவரா இருக்கட்டும்; பக்கத்தில் ஒரு கிளாஸ் கருப்பட்டிக் காப்பியும் வையுங்கள். சாயல்குடிப் பக்கத்துப் பனையை விட்டுவிட்டு இராமநாதபுரத்தில் என்ன காப்பி?

சுவரில் பன்னிரண்டு படத்துக்குத்தான் இடம் என்றால், ஆட்டைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் தோணியை மாட்டுங்கள்.