பிசிஏஏ பவுடர் அவசியமா?

கேள்வி: எடைப்பயிற்சி செய்கிறேன். என் எடை 70 கிலோ. வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) குடிக்கிறேன். கூடவே பிசிஏஏ (கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) பவுடரும் எடுக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். தேவையா? நண்பரிடம் வாங்கிக் கலக்கிப் பார்த்தேன், தண்ணீர்மேலேயே மிதக்கிறது. போலியா?

பதில்: உங்களுக்குத் தேவையில்லை. தசை வளர, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் உடலால் தயாரிக்க முடியாத 9-ம் இருந்தாக வேண்டும். பிசிஏஏ-வில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய 3 மட்டுமே. லியூசின் தசை வளர்ச்சியைத் தூண்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மற்ற 6 கிடைக்காவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். வே புரோட்டீனில் 9-மே உண்டு. 25 கிராம் புரதத்தில் லியூசின் மட்டும் ஏறக்குறைய 2.5 கிராம். ஒரு வேளைக்கு அது தாராளம். நாள் மொத்தக் கணக்கைக் கவனியுங்கள்: கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் 112 கிராம் புரதம், அதாவது 4 வேளைக்குத் தலா 28 கிராம். இது எட்டாதபோதுதான் அமினோ அமிலப் பவுடரைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பிசிஏஏ வேண்டாம், 9-ம் அடங்கிய இஏஏ (அத்தியாவசிய அமினோ அமிலங்கள்) பவுடர் வாங்குங்கள்.

மிதப்பதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. லியூசின் தண்ணீரில் எளிதில் நனையாது. ஷேக்கரில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர்; குலுக்கி, 10 நிமிடம் விட்டு மறுபடி குலுக்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.