செடியில ஆரம்பிச்சு மனுஷ மூளை வரைக்கும்: ஜோசஃப் எக்கர் ஆராய்ச்சி பத்தி கேள்வி பதில்

தாவர ஆராய்ச்சியில பேர் வாங்கிட்டு அப்புறம் மனுஷ ஜெனிடிக்ஸ்லயும் பெரிய வேலை செஞ்ச ஜோசஃப் எக்கர் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். நான் செடியோட டிஎன்ஏ மெத்திலேஷன்ல (அது என்னன்னு கீழ சொல்றேன்) வேலை பாக்கிறவ. அவர் லேப்ல இருந்ததில்ல, ஆனா அவங்க பொதுவுல விட்ட விதை, டேட்டா ரெண்டையும் வெச்சு தான் என் வேலையே ஓடுது. ஒரே மாதிரி கேள்விகளை சேத்துட்டேன்.

கேள்வி (உயிரியல் டீச்சர், திண்டுக்கல்): மேடம், செடி பாத்தவர் பாதியில துறை மாறிட்டாரா? முதல்ல என்ன படிச்சார்?

அவர் ஆரம்பிச்சதே செடியில இல்ல டீச்சர், வைரஸ்ல. பென் ஸ்டேட் மெடிக்கல் காலேஜ்ல 1982ல பிஎச்டி, சின்னம்மை வர வைக்கிற வைரஸோட டிஎன்ஏ எப்படி அமைஞ்சிருக்குங்கிறது தான் விஷயம். அப்புறம் ஸ்டான்ஃபோர்டுல ரான் டேவிஸ் லேபுக்கு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் செய்ற ஆராய்ச்சிக்கு, போறார், அங்க தான் செடி வருது. ஒரு ஜீனோட ஆர்என்ஏவுக்கு (அந்த ஜீன்ல இருந்து எடுக்கிற நகல்) எதிர்ப்பக்க ஆர்என்ஏவை செடி செல்லுக்குள்ள உண்டாக்கினா அந்த ஜீனோட வேலை குறையுதுன்னு 1986ல ரெண்டு பேரும் பேப்பர் போட்டாங்க, அடுத்த வருஷமே செடியோட தற்காப்பு ஜீன்களை எத்திலீன் முடுக்கி விடுதுன்னு இன்னொண்ணு. அந்த எத்திலீனை அவர் அதுக்கப்புறம் விடவே இல்ல. 1987ல பென்சில்வேனியா யூனிவர்சிட்டி, 2000ல கலிஃபோர்னியா லா ஹோயாவுல இருக்கிற சால்க் இன்ஸ்டிடியூட்.

கேள்வி (பழ மண்டி வெச்சிருக்கேன், சேலம்): எத்திலீன்னா மாம்பழம் பழுக்க வைக்கிற கேஸ் தானே? அதுல ஆராய்ச்சி பண்ண என்னங்க இருக்கு?

அதே கேஸ் தாங்க. கார்பைடு கல்லுல ஈரம் பட்டா வர்றது அசிட்டிலீன், அது எத்திலீன் மாதிரி நடிச்சு பழுக்க வைக்கும், கூடவே ஆர்செனிக் பாஸ்பரஸ் கலப்பும் வர்றதால தான் அதுக்கு தடை, எத்திலீன் கேஸ் மட்டும் 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வரைக்கும் வைக்கலாம்னு அனுமதி. இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

கேள்வி என்னன்னா, கண்ணுக்கு தெரியாத ஒரு கேஸ் வந்திருக்குன்னு செடிக்கு எப்படி தெரியுது? இருட்டுல முளைக்கிற நாத்துக்கு எத்திலீன் குடுத்தா தண்டு குட்டையாகும், தடிக்கும், தலை கொக்கி மாதிரி நல்லா வளையும். 1901லேயே ரஷ்யாவுல நெல்யூபோவ்னு ஒருத்தர் விளக்கெரிக்கிற கேஸ் கசிஞ்ச லேப்ல பட்டாணி நாத்து கோணலா வளர்றதை பாத்து காரணம் எத்திலீன்னு கண்டுபிடிச்சார். எக்கர் லேப் அதையே சோதனையா மாத்துச்சு. அராபிடாப்சிஸ்னு கடுகு குடும்பத்து குட்டி செடி, அதோட விதையில மருந்து போட்டு ஜீன்களை கண்டபடி கெடுத்து, இருட்டுல எத்திலீனோட ஆயிரக்கணக்குல முளைக்க விடுவாங்க. எல்லாம் குட்டையா கிடக்கும்போது ஒண்ணு மட்டும் நெட்டையா நிமிந்து நின்னா அதுக்கு கேஸ் வந்ததே தெரியலைன்னு அர்த்தம், அதை எடுத்து எந்த ஜீன் கெட்டுச்சுன்னு தேடணும். கேஸே இல்லாம குட்டையாகிற நாத்தும் கிடைச்சுது, அதுல கெட்ட ஜீன் சிடிஆர்1, 1993ல பிடிச்சாங்க. பாத்தா அது மனுஷ புற்றுநோய் ஆராய்ச்சியில தெரிஞ்ச ராஃப்ங்கிற புரோட்டீனுக்கு உறவுக்காரன்! 1999ல பிடிச்ச ஈன்2ங்கிற இன்னொரு எத்திலீன் ஜீனோட புரோட்டீன்ல ஒரு பாதி மிருகங்கள்ல உலோகம் கடத்துற புரோட்டீன் மாதிரி இருந்துச்சு. செடி ஜீனை தேடிப் போனா மனுஷ ஜீனோட உறவு வந்து நிக்குது, இது அவர் வேலையில திரும்பத் திரும்ப நடந்திருக்கு.

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி, தஞ்சாவூர்): அக்கா, பேப்பர்ல எல்லாம் சால்க் லைன்னு போடுறாங்களே, அது இவரோடதா?

ஆமாம்மா, இவர் லேப்ல உருவாக்கின, ஜீன் கெடுத்த விதை வகைகள் தான். அக்ரோபாக்டீரியம்ங்கிற மண் பாக்டீரியா தன் டிஎன்ஏல ஒரு துண்டை, டி-டிஎன்ஏன்னு சொல்வோமே, செடி ஜீனோம்ல, அதான் அதோட முழு டிஎன்ஏல, எங்கயாவது சொருகிடும், அது ஜீனுக்கு நடுவுல விழுந்தா அந்த ஜீன் அவுட். அராபிடாப்சிஸ் ஜீனோமை 2000 டிசம்பர்ல பல லேப் கூட்டணியா படிச்சு முடிச்சாங்க, பூக்கிற செடியில அது தான் முதல், சுமார் 25,500 ஜீன், அந்த கூட்டணியிலயும் எக்கர் இருந்தார். ஜீனோம் கையில இருக்கிறதால ஒவ்வொரு துண்டும் எங்க விழுந்திருக்குன்னு படிச்சு வெச்சா உலகத்துல எவன் எந்த ஜீனை பாக்கணும்னாலும் விதையை வாங்கிக்கலாம், இல்லையா? 2003ல வந்த பேப்பர்ல 88,000க்கும் மேல இடம் குறிச்சிருந்தாங்க, 21,700 ஜீனுக்கு மேல மாட்டிச்சு. விதையை ஓஹியோ ஸ்டேட்ல இருக்கிற விதை மையத்துக்கு குடுத்துட்டாங்க, யார் வேணா கேட்டு வாங்கலாம். என்னைக் கேட்டா அவரோட எந்த கண்டுபிடிப்பை விடவும் இது பெருசு, ஏன்னா எங்கயோ ஒரு சின்ன யூனிவர்சிட்டியில காசே இல்லாத லேப்ல இருக்கிற பொண்ணு கூட வருஷக்கணக்குல மியூட்டன்ட் (ஜீன் கெட்ட செடி) தேடாம நேரா கேள்விக்கு போக முடிஞ்சுது, நான் அப்படி போனவ.

கேள்வி (ஐடி வேலை, சென்னை): மெத்திலேஷன்னா என்ன? பயாலஜி பத்தாவதோட விட்டாச்சு.

டிஎன்ஏல நாலு எழுத்து, ஏ சி ஜி டி. அதுல சி மேல சில இடத்துல மெத்தில்னு ஒரு சின்ன கெமிக்கல் ஒட்டிக்கும். நம்ம ‘க’ மேல புள்ளி வெச்சா ‘க்’ ஆகுற மாதிரி, எழுத்து அதே, படிக்கிற விதம் மாறும், பல இடத்துல அந்த ஜீன் அடங்கிடும். தோல் செல்லுக்கும் நரம்பு செல்லுக்கும் டிஎன்ஏ ஒண்ணு தான், எந்த ஜீன் பேசணும் எது அடங்கணும்ங்கிறது தான் வேற, அதுல இந்த குறிக்கும் பங்கு உண்டு.

எந்த சி மேல இருக்குன்னு பாக்க பைசல்ஃபைட்னு ஒரு கெமிக்கல் போடுவாங்க. வெறும் சி மாறிப்போய் சீக்வென்ஸ் பண்ணும்போது, அதாவது எழுத்தை வரிசையா படிக்கும்போது, டின்னு வரும், மெத்தில் ஒட்டின சி அப்படியே சியாவே நிக்கும். அவ்ளோ தான் சூட்சுமம்.

கேள்வி (மெடிக்கல் காலேஜ் மாணவர், மதுரை): மனுஷனோட முதல் முழு மெத்திலேஷன் மேப்பை ஒரு செடி லேப் எப்படி போட்டுச்சு? மத்தவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?

நான் காத்துட்டிருந்த கேள்வி தம்பி. மனுஷ செல்லுல மெத்தில் எங்க இருக்கும்னா, சிக்கு அடுத்து ஜி வந்தா மட்டும் தான்னு எல்லாரும் வெச்சிருந்தாங்க. எலி ஸ்டெம் செல்லுல (வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) மத்த இடத்துலயும் இருக்குன்னு 2000லேயே தகவல் வந்திருந்தும் யாரும் பெருசா எடுத்துக்கல. அதனால அப்ப புழக்கத்துல இருந்த பல முறைகள் சிஜி இருக்கிற இடத்தை மட்டும் தான் பாக்கும். செடிக்காரங்களுக்கு அந்த வசதி கிடையாது, செடியில சிஜி மட்டுமில்லாம மத்த எழுத்துக்கு முன்னாடி நிக்கிற சி மேலயும் மெத்தில் ஒட்டும், அதனால ஒண்ணு விடாம எல்லா சியையும் எண்ணியே ஆகணும். 2008ல ரயன் லிஸ்டரும் எக்கரும் அராபிடாப்சிஸ் முழுக்க அப்படி எண்ணினாங்க, அதே வருஷம் யூசிஎல்ஏல ஜேக்கப்சன் லேபும் செஞ்சுது.

அதே முறையை அப்படியே மனுஷனுக்கு கொண்டு போனாங்க, 2009ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. அராபிடாப்சிஸ் 12.5 கோடி எழுத்துன்னா மனுஷன் 300 கோடி, வேலை எவ்ளோ பெருசாகுதுன்னு பாருங்க. ஒண்ணு கரு ஸ்டெம் செல், இன்னொண்ணு கரு நுரையீரல்ல இருந்து வளத்த ஃபைப்ரோபிளாஸ்ட், அதான் இணைப்புத் திசு செல். ஸ்டெம் செல்லுல இருந்த மெத்தில்ல கிட்டத்தட்ட கால்வாசி சிஜி இல்லாத இடத்துல! ஃபைப்ரோபிளாஸ்ட்ல அது காணோம். அந்த ஸ்டெம் செல்லை வேற செல்லா மாத்தினா மறையுது, சாதா செல்லை திரும்ப ஸ்டெம் செல் மாதிரி ஆக்கினா வந்துடுது. ஒருத்தர் எழுதி வெச்சதை நம்பி சிஜியை மட்டும் தேடியிருந்தா இது எதுவும் கண்ணுல பட்டிருக்காது, செடியில பழகின கை எல்லாத்தையும் எண்ணுச்சு, அதான் கிடைச்சுது.

கேள்வி (அதே மாணவர்): அப்ப மூளைக்கு எப்படி போனார்?

சிஜி இல்லாத மெத்தில் வேற எங்க இருக்குன்னு தேடினா, நியூரான்ல, அதான் நரம்பு செல்லுல. 2013ல சயின்ஸ் இதழ்ல வந்த பேப்பர்ல எலி, மனுஷன் ரெண்டோட மூளையையும் பாத்தாங்க. பொறக்கும்போது அது ரொம்ப கம்மி, மனுஷனுக்கு முதல் ரெண்டு வயசுல வேகமா ஏறுது, அப்புறம் விடலைப் பருவம் வரைக்கும் மெதுவா ஏறுது, நரம்புகளுக்கு நடுவுல இணைப்பு மளமளன்னு உருவாகுற அதே காலம். ரெட் சிண்ட்ரோம் படிச்சிருப்பீங்க, ஒரு வயசு சுமாருக்கு நல்லா வளர்ற பெண் குழந்தை அப்புறம் பேச்சையும் கை உபயோகத்தையும் இழந்துடும், அதுல கெடுறது மெக்பி2ங்கிற புரோட்டீன். அந்த மெக்பி2 ஒட்டுற இடங்கள்ல இந்த சிஜி இல்லாத மெத்திலும் ஒண்ணுன்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்த குழந்தைகளோட அப்பா அம்மாவுக்கு இன்னைக்கே மருந்து ஆகலைன்னாலும் ஏன் அந்த வயசுல வருதுன்னு கேக்க ஒரு பிடி கிடைச்சிருக்கு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு செல்லா தனியா படிக்க ஆரம்பிச்சாங்க. 2023ல வந்த மனுஷ மூளை அட்லஸ்ல 46 பகுதியில இருந்து 5 லட்சத்துக்கும் மேல செல்.

கேள்வி (இல்லத்தரசி, கோவை): யோகா பண்ணினா, சாப்பாடு மாத்தினா எபிஜெனிடிக்ஸ் மாறி பேரன் பேத்தி வரைக்கும் போகும்னு வீடியோல சொல்றாங்களே?

எபிஜெனிடிக்ஸ்னா டிஎன்ஏ எழுத்து மாறாம, மெத்தில் மாதிரி குறி மாறி ஜீனோட வேலை மாறுறது. யோகா பண்ணுங்கம்மா, உடம்புக்கு நல்லது. பேரனுக்கு போகும்ங்கிறதை மட்டும் நம்பாதீங்க. செடியில இது நிஜமாவே நடக்குது, தக்காளியில ஒரு ஜீன்ல எழுத்து மாறாம மெத்தில் மட்டும் கூடினதால பழம் பழுக்காமலே நிக்கிற ரகம் இருக்கு, விதை வழியா தலைமுறை தலைமுறையா போகும். மனுஷ உடம்புல கரு உருவாகும்போது இந்த குறிகள்ல பெரும்பகுதி அழிஞ்சு புதுசா எழுதப்படுது, விந்து, முட்டை செல் உருவாகும்போது இன்னொரு தடவை அழியுது. செடியில நடக்கிறதை மனுஷன் மேல ஏத்தி காசு பாக்கிறாங்க, எனக்கு அதுல ரொம்பவே கோவம்.

கேள்வி (பிளஸ் டூ மாணவன், திருநெல்வேலி): செடியில கண்டுபிடிச்சு மனுஷனுக்கு வந்தது இவர் மட்டும் தானா?

நிறைய இருக்குப்பா. தாவும் ஜீன், பார்பரா மெக்ளின்டாக் சோளத்துல கண்டுபிடிச்சது, நோபல் 1983ல தான் குடுத்தாங்க, நம்ம ஜீனோம்ல கிட்டத்தட்ட பாதி அந்த மாதிரி துண்டுகளோட மிச்சம். டேவிட் பால்கம்ப் லேப் 1999ல செடியில ஜீனை அடக்குற குட்டி ஆர்என்ஏவை காட்டினாங்க, 2018ல அதே வகை ஆர்என்ஏ அமெரிக்காவுல மருந்தா அனுமதி வாங்கிடுச்சு. வெளிச்சத்தை உணர்ற கிரிப்டோகுரோம் ஜீனும் முதல்ல அராபிடாப்சிஸ்ல தான் கிடைச்சுது, அதோட உறவு மனுஷன்லயும் இருக்கு.

கேள்வி (பி.டெக் பயோடெக், மூணாம் வருஷம்): அக்கா, எங்க காலேஜ்ல சீக்வென்சர் எல்லாம் கிடையாது. இந்த வேலையை நான் எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

சீக்வென்சர் வேணாம், டேட்டா ஃப்ரீயா கிடக்கு. அமெரிக்காவோட என்சிபிஐங்கிற ஜீன் டேட்டா தளத்துல அராபிடாப்சிஸ் பைசல்ஃபைட் டேட்டா ஒண்ணு எடுத்துக்கோ, மனுஷ டேட்டாவுக்கு போகாத, லேப்டாப் திணறிடும். லினக்ஸ் கொஞ்சம், பைத்தான் இல்ல ஆர் ஏதாவது ஒண்ணு பழகிட்டு, பிஸ்மார்க்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல மேப் பண்ணி சிஜி எவ்ளோ, சிஜி இல்லாதது எவ்ளோன்னு எண்ணிப் பாரு. செடியில குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏல மெத்தில் இருக்கக் கூடாது, அங்க நிறைய காட்டுச்சுன்னா பைசல்ஃபைட் சரியா வேலை செய்யலைன்னு அர்த்தம், அந்த டேட்டாவை விட்டுட்டு வேற எடு. வர்ற நம்பரை எனக்கு அனுப்பு, சேந்து பாப்போம்.