மூணாறு தேயிலை அருங்காட்சியகம்: வண்டியை நிறுத்தலாமா?

கேள்வி: அவினாசியிலிருந்து காரில் உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போகிறோம். இரண்டு இரவு தங்கிவிட்டு, போடிமெட்டு வழியாக மதுரைக்கு இறங்குவதாகத் திட்டம். நான், கணவர், மாமியார், நாலாம் வகுப்பு படிக்கும் மகன். அங்கே தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதே, அதற்கு நேரம் ஒதுக்கலாமா? "பழைய மிஷின் நாலை வைத்து டிக்கெட் போட்டு, கடைசியில் நம் தலையில் தூளைக் கட்டிவிடுவார்கள்" என்கிறார் கணவர்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள அந்த இடத்தை நடத்துவது கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியே. பழைய மிஷின்கள் இருக்கின்றன. டிக்கெட் உண்டு, தூள் விற்கும் கவுண்டரும் உண்டு. இருந்தாலும் போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அதோடு, டாப் ஸ்டேஷன் என்கிற மலையுச்சிக்குப் போகிற அன்றே, காலையில் முதல் வேலையாக இதைப் பார்த்துவிடுங்கள்.

டாப் ஸ்டேஷனை முடிச்சுப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போகிற எல்லோரும் மேகத்தையும் பள்ளத்தாக்கையும் பார்த்து, சோளம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். ரயில் இல்லாத மலையுச்சிக்கு 'ஸ்டேஷன்' என்று பெயர் வந்தது எப்படி என்று உங்கள் மகன் கேட்பான். பதில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் ஓடிய எஞ்சினின் சக்கரம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றப்பட்ட ரயில் அது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் அதில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு வண்டியில் போடி. மேலே டாப் ஸ்டேஷன் என்பதால் கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயரே வந்தது. 1924 பெருவெள்ளத்தில் பாதை அடித்துப் போனது, மறுபடி போடவில்லை. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் பின்னால் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு மாட்டுப்பட்டி, குண்டளை என்று வண்டி ஓட்டிப் போனால் அந்தச் சாலையே வேறு மாதிரித் தெரியும். டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிடும்.

உள்ளே எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு பார்க்க வேண்டியதில்லை. துரைமார் பங்களா நாற்காலி, டைப்ரைட்டர், பழைய டெலிபோன் எல்லாம் எங்கும் பார்க்கக்கூடியவை, நடந்தபடியே பார்த்தால் போதும். கருங்கல் மேல் வைத்த சூரியக் கடிகாரத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். 1913-ல் நம் நாசரேத்தில், அங்கிருந்த கலைத்தொழிற்பள்ளியில் செய்தது. வெயில் அடித்தால் மகனை மணி பார்க்கச் சொல்லுங்கள். கன்னிமலை எஸ்டேட்டில் 1920-களில் மின்சாரம் எடுக்க உதவிய, தண்ணீர் வேகத்தில் சுழலும் பெல்டன் சக்கரமும், 1905-ஆம் ஆண்டு இலை உருட்டும் இயந்திரமும் உங்கள் கணவருக்கு. மிஷினைக் கேலி செய்கிறவர்கள்தான் பெரும்பாலும் அதன் முன்னால் அதிக நேரம் நிற்பார்கள்.

பச்சை இலை தூளாகும் வேலையைச் சின்ன அளவில் ஓட்டிக் காட்டுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். மூணாறின் வரலாற்றைச் சொல்லும் படமும் போடுகிறார்கள். மாமியாருக்கு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சுற்றுவழி என்று எதுவும் இல்லை. ஓணம், பூஜை விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் மட்டும் யோசிக்கலாம். கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தால் உங்கள் கணவர் சொன்னது முழுக்கச் சரியாகிவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி நடத்தும் இடத்தில் கதையும் கம்பெனியின் பக்கத்திலிருந்தே வரும். அந்த மலையில் கொழுந்து பறித்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2015-ல் போனஸுக்கும் கூலிக்கும் மூணாறு சாலையில் உட்கார்ந்து தொழிற்சங்கங்களையே ஓரம் தள்ளியவர்களும் இந்தப் பெண்கள்தான். அந்தக் கதை வேண்டுமென்றால், வெளியே டீக்கடையில் பேச்சுக் கொடுங்கள். தமிழிலேயே பதில் வரும்.

கேள்வி: அங்கேயே தூள் வாங்கலாமா? டஸ்ட் என்றால் மட்டமானதா?

பதில்: இல்லை. டஸ்ட், பி.ஓ.பி. (உடைந்த இலை ரகம்) என்பதெல்லாம் சலித்துப் பிரிக்கும்போது கிடைக்கும் அளவைக் குறிப்பவை. தரம் அதனால் மட்டும் தீர்மானமாவதில்லை. பால் ஊற்றி ஸ்ட்ராங்காகக் குடிக்கிற வீடென்றால் குருணை மாதிரி உருண்டிருக்கும் சி.டி.சி. ரகம்தான் சரி. சுருள் இலையாக இருக்கும் ஆர்த்தடாக்ஸ் விலை கூடுதல், பாலில் போட்டால் அதன் மணம் அடிபட்டுப் போகும். மாமியார் காலையில் பாலில்லாமல் குடிப்பவராக இருந்தால் அவருக்கு மட்டும் கொஞ்சம் வாங்குங்கள்.

பாக்கெட்டில் பேக் செய்த தேதி, எம்.ஆர்.பி., உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வழியோரக் கடைகளில் லேபிள் இல்லாமல் அளந்து கொடுக்கும் 'எஸ்டேட் தூள்' எவ்வளவு மணந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். சிறிது நேரம் கழித்துத் தூளை எடுத்துவிட்டுத் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கறை அழுத்தமாகப் பிடித்திருந்தால் சாயம் கலந்திருக்கிறது, அந்தத் தூளைக் குடிக்க வேண்டாம்.